மறைந்த கள்ளுக்கடையும் மறையாத வரியும்



நம் இதழில் மாதந்தோறும் வரி, உரிமம், தராசு முத்திரை, ஆன்லைன் வியாபாரத்தின் போட்டி என்று அன்றாடத் தொல்லைகளைப் பற்றியே எழுதி வருகிறோம். அவை வேண்டியவைதான். இந்த முறை, இல்லாமல் போன ஒரு கடையைப் பற்றியும் அதைச் சுற்றி இருந்த கடைகளைப் பற்றியும் எழுத இடம் கேட்டேன். பழைய பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வந்து உட்கார்ந்தவன் நான். ஆராய்ச்சி செய்தவன் அல்ல. கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் பகுதியில் ஒரு முச்சந்திக்கு இன்றைக்கும் 'கள்ளுக்கடை முக்கு' என்றுதான் பெயர். அங்கே இப்போது இருப்பது செல்போன் கடை, பேக்கரி, ஒரு ஏ.டி.எம். கள்ளுக்கடை எங்கே இருந்தது என்று கேட்டால் அங்கே கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கே தெரியாது. தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. நாம் இன்று கட்டும் வரியின் பிறப்பு அந்தக் கடையின் மூடுவிழாவில் இருக்கிறது. அந்தக் கடையைச் சுற்றிப் பிழைத்த சின்னக் கடைக்காரர்களின் சரித்திரம் நம்மைப் போன்ற மண்டிக்காரர்களின் பழைய பேரேட்டைத் தவிர வேறு எங்கும் இல்லை. இந்த இரண்டையும் விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கடை ஒன்று, பிழைப்பு பல

வெள்ளைக்காரர் ஆட்சியில் கள்ளுக்கடை இன்றைய அரசு மதுக்கடை போன்றது அல்ல. 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின்படி மரத்துக்கு வரி தனி, கடைக்கு ஏலம் தனி. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி கட்ட வேண்டும். கடை நடத்தும் உரிமையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்ட வேண்டும். கள் விற்றாலும் விற்காவிட்டாலும் கிஸ்தி நிற்காது.

கள்ளுக்கடை என்றைக்கும் தனியாக இருந்ததில்லை. பக்கத்தில் சுண்டல் கடை இருக்கும். கொத்துக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு மூட்டைக் கணக்கில் அங்கே போகும். அடுத்தது வறுத்த மீன், கருவாடு, கறி வறுவல் கடை. மிளகாய் வற்றலும் கடலெண்ணெயும் அவர் வாங்குவார். கலயமும் மொந்தையும் செய்து தரும் குயவர் ஒருவர். பாளை சீவும் கத்திக்குப் பட்டறைக்காரர். கயிற்றுக்கடை ஒன்று. வெற்றிலை, பீடி, சுருட்டு விற்கும் பெட்டிக்கடை ஒன்று. கொஞ்சம் தள்ளி, ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், அடகுக்கடை. அந்த அடகுக்கடைக்குப் போன பித்தளைக் குடமும் அண்டாவும் எந்த வீட்டிலிருந்து வந்தன, எதற்காக வந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தாத்தாவின் பேரேடுகளில் 1930களைச் சேர்ந்த மூன்று இன்னும் எங்களிடம் இருக்கின்றன. தமிழ் எண்ணும், வீசம், மாகாணி என்ற பின்னங்களும், வள்ளக் கணக்குமாக எழுதியவை. அதில் 'முக்கு' என்று அடையாளம் போட்டு ஒன்பது கடைக்காரர்களுக்குத் தனித்தனிப் பற்று வரவு இருக்கிறது. கள்ளுக்கடைக்காரர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவருக்கு மளிகைச் சரக்கு எதற்கு? ஆனால் அவரைச் சுற்றி இருந்த கடைகளின் கணக்கைப் படித்தாலே அவர் கடை எப்போது ஓடியது, எப்போது படுத்தது, எப்போது நின்றது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு கடையின் கதையை அண்டைக் கடையின் கணக்கு சொல்லும் என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

1937 அக்டோபர் 1

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்தக் காலத்தில் மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே சொல்வார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தி மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று பத்திரிகை போட்டவர். ஆகவே மதுவிலக்கை முதலில் தன் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. அன்றைய சேலம் மாவட்டம் என்பது இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் சேர்ந்தது.

எங்கள் பேரேட்டில் அது ஈஸ்வர வருஷம் புரட்டாசி மாதம். சுண்டல் கடைக்காரரின் பற்று புரட்டாசியோடு நின்றுவிடுகிறது. ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. பங்குனியில் அதே பெயர் மறுபடியும் வருகிறது. இந்த முறை கொத்துக்கடலை இல்லை. உளுந்து, வெந்தயம், இட்லி அரிசி. சுண்டல் கடை இட்லிக் கடையாகிவிட்டது. மீன் வறுத்தவர் கணக்கு பாக்கியோடு முடிந்துபோகிறது. 'ஊரில் இல்லை' என்று தாத்தா எழுதி வைத்திருக்கிறார். மரமேறிக் குடும்பங்களில் சிலர் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சினார்கள். அரசாங்கமும் அந்தத் தொழிலுக்கு ஊக்கம் கொடுத்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் பனைவெல்லம் கொண்டுவந்து போட்டவர்கள் என்று நான்கு புதுப் பெயர்கள் வரவுப் பக்கத்தில் இருக்கின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். நெசவாளர் தெருக்களில் கடை வைத்திருந்த சில்லறைக்காரர்களின் பாக்கி, அதற்கு முன்பெல்லாம் இரண்டு மாதம், மூன்று மாதம் இழுத்தது, அந்த வருஷத்திலிருந்து தவணைக்கு வந்திருக்கிறது. ஒரு மண்டிக் கணக்கை வைத்து ஊரையே அளக்க முடியாது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் சேலம் மதுவிலக்கின் பலன்களை ஆராய்ந்து எழுதியது 1940இல் வெளிவந்தது. குடிக்குப் போன பணம் சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது என்பதே அதன் சாரம். என் தாத்தாவின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

கடை போனது, வரி வந்தது

மதுவிலக்கு நல்ல காரியம். ஆனால் அரசாங்கத்தின் கல்லாப்பெட்டியில் ஓட்டை விழுந்தது. அந்தக் காலத்தில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஆப்காரி வருமானம். சேலத்துக்குப் பிறகு 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு போனது. போன பணத்துக்கு மாற்று வழி வேண்டும் அல்லவா? அதற்காக வந்ததுதான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி என்பது இந்தியாவில் முதன்முதலில் நம் மாகாணத்தில்தான் வந்தது.

அப்போதைய வரி எவ்வளவு தெரியுமா? ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் ஒன்றும் இல்லை. 20,000 ரூபாய் வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் போனால் அரை சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்கு எட்டணா. இன்றைக்கு நினைத்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அன்றைய வணிகர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் எட்டணா என்றால் சரக்கு சில்லறைக் கடைக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு எதிர்த்தார்கள். வரியைவிட, கணக்கை அதிகாரி வந்து பார்ப்பார் என்பதுதான் பலரைக் கலங்க வைத்தது. எங்கள் பேரேட்டில் பிரமாதி வருஷத்தில் 'விற்பனை வரி' என்று முதல்முறையாக ஒரு தலைப்பு வருகிறது. அதன் பிறகு அந்தத் தலைப்பு இல்லாத வருஷமே இல்லை.

இங்கேதான் வணிகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை பதவி விலகியது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கவர்னர் ஆட்சியில் 1943-44இல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். கள்ளுக்கடை திரும்ப வந்தது. கடை திரும்பி வந்ததே, அதற்குப் பதிலாக வந்த வரி போனதா? போகவில்லை. பிறகு 1946இலிருந்து படிப்படியாக மறுபடியும் மதுவிலக்கு. 1948 அக்டோபர் 2ஆம் தேதி காந்தி பிறந்த நாளில் மாகாணம் முழுவதும் அமலானது. 1971இல் அது தளர்ந்தது. 1973இல் கள்ளுக்கடையையும் 1974இல் சாராயக்கடையையும் மூடினார்கள். 1981இல் திறந்தார்கள். 1987இல் மூடினார்கள். 1983இல் அரசு மதுபான நிறுவனமான டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில்.

கடை இத்தனை முறை மூடித் திறந்தது. வரி ஒருமுறைகூட மூடவில்லை. 1959இல் புதுச் சட்டம், 2007இல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறியது, அவ்வளவுதான். மதுவுக்குப் பதிலாக வந்த வரியையும் நாம் கட்டுகிறோம். அரசு 2023-24இல் மது விற்பனையில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானமும் பார்த்திருக்கிறது. ஒரு கடனுக்கு இரண்டு தரம் வசூல் செய்தால் நம் தொழிலில் அதற்கு என்ன பெயர் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் 'தற்காலிகம்', 'ஒரு நல்ல காரியத்துக்காக' என்று எந்த வரியோ கட்டணமோ வந்தாலும், எந்தத் தேதியில் அது நிற்கும் என்று சட்டத்திலேயே எழுதிக் கேட்கிற பழக்கம் நம் சங்கங்களுக்கு வர வேண்டும். அந்தப் பாடத்தைச் சொல்வது கள்ளுக்கடை முக்கின் சரித்திரம்.

பார்த்தவனின் சாட்சி

நான் கண்ணால் கண்டது 1981க்கும் 1987க்கும் நடுவில் இருந்த கடை. தென்னங்கீற்றுக் கொட்டகை, மண் தரை, நீளமான மரப்பெட்டி, சுற்றிலும் பழையபடி சுண்டல் கடையும் கறிக்கடையும். அப்போது நான்தான் எங்கள் மண்டியில் வசூலுக்குப் போவேன். சனிக்கிழமை தறிக்காரர்களுக்குக் கூலி நாள். முக்கில் இருந்த சுண்டல் கடைக்காரர் அன்றே பாக்கியைத் தீர்த்துவிடுவார். நாலு தெரு தள்ளி மளிகைக் கடை வைத்திருந்தவர், "திங்கக்கிழமை வாங்க தம்பி, பொம்பளைங்க வந்து கட்டுனாத்தான் உண்டு" என்பார். இரண்டு பேரும் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒருவர் கையில் இருந்த பணம் மற்றவர் கைக்கு வர வேண்டிய பணம் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

ஆகையால் கள்ளுக்கடையைப் பற்றி எழுதுவதால் அது வேண்டும் என்று நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஈரோட்டு மண்டிக்காரராக இருந்த பெரியாரே மதுவிலக்குக்காகத் தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களை வெட்டிப் போட்டவர். மளிகைக்காரனுக்குக் குடி எதிரிதான். ஆனால் எதிரியாக இருந்தாலும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அந்தக் கடை கொடுத்தது என்ன, எடுத்தது என்ன, அது போனபோது கூடப் போனவர்கள் யார், வேறு தொழிலுக்கு மாறிப் பிழைத்தவர்கள் யார் என்று பற்றும் வரவும் சேர்த்து எழுதினால்தான் அது சரித்திரம்.

அரசாங்க ஆவணத்தில் ஏலத்தொகை இருக்கும், கிஸ்தி பாக்கி இருக்கும். சுண்டல்காரர் இருக்க மாட்டார்.

காகிதம் இல்லாதவர் கதி

இது வெறும் பழங்கதை அல்ல என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் முக்கில் ரோட்டை அகலப்படுத்த ஒரு வரிசைக் கடைகளை இடித்தார்கள். இடத்துக்காரரிடம் பத்திரமும் பட்டாவும் இருந்தன. அவருக்கு நஷ்ட ஈடு வந்தது. உள்ளே வாடகைக்கு இருந்தவர்கள் ஏழு பேர். அதில் மண்பாண்டக் கடைக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கே இருந்தது. கள்ளுக்கடைக்குக் கலயம் கொடுத்த அதே குடும்பம். வேறு இடம் ஒதுக்கும்போது தங்களையும் சேர்க்கும்படி மனுக் கொடுத்தார்கள். "எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், ஆதாரம் என்ன?" என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டார்கள். வாய் வார்த்தையாகக் கொடுத்த அட்வான்ஸ், ரசீது இல்லாத வாடகை, வேறொருவர் பெயரில் கரண்ட் பில். கையில் ஒன்றும் இல்லை.

எங்கள் பேரேட்டில் அந்த வரிசையில் இருந்த நான்கு கடைகளின் கணக்கு வருஷவாரியாக இருந்தது. நகல் எடுத்து, சங்கக் கடிதத்தோடு கொடுத்தோம். இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. மண்பாண்டக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவர் எங்களிடம் சரக்கு எடுத்தவர் இல்லையே, எங்கள் கணக்கில் அவர் பெயர் எப்படி இருக்கும்? அவர் சுண்ணாம்பும் விறகும் வாங்கிய கடைகளின் கணக்குப் புத்தகம் எப்போதோ பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்பார்கள். எழுதி வைத்ததையும் எடைக்குப் போட்டால் எப்படித் தீரும்?

எப்படித் தேடுவது?

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடை இருந்திருக்கும். கள்ளுக்கடையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிளப்புக் கடை, செக்கு, சோடாக் கம்பெனி, சைக்கிள் கடை, எதுவாகவும் இருக்கலாம். தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வழிகள்:

முதலில் இடத்தின் பெயர். கள்ளுக்கடை முக்கு, உப்புக் கிணற்றுச் சந்து, வண்டிப்பேட்டை என்று வாயில் வழங்கும் பெயரே ஓர் ஆவணம். பஸ் கண்டக்டர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அண்டைக் கடைகளின் பேரேடு, சிட்டை, ரசீதுக் கட்டு. முன்பே சொன்னபடி, தேடும் கடையின் கணக்கு கிடைக்காவிட்டாலும் பக்கத்துக் கடைக் கணக்கு பேசும்.

மூன்றாவது, சார்பதிவாளர் அலுவலகம். பழைய பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள். 'இன்னார் கடைக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு' என்று வரும் வரியில் மறைந்த கடைகள் உட்கார்ந்திருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பத்திர எண்ணைக் கொண்டு நகல் வாங்கலாம்.

நான்காவது, வீட்டில் கிடக்கும் சாமான்கள். கடை பெயர் அச்சடித்த மஞ்சள் பை, தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பித்தளைப் படியில் வெட்டிய பெயர், ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோ. பின்னால் தெரியும் பெயர்ப் பலகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆப்காரித் துறை அரசாணைகளும் மாவட்டக் கெஜட்டுகளும் அங்கே இருக்கின்றன. கடை ஏலம், மதுவிலக்கு சம்பந்தப்பட்டவற்றை அங்கே தேட வேண்டும்.

ஆறாவது, பெரியவர்கள். இதை முதலில் செய்யுங்கள். பேரேடு நாளைக்கும் இருக்கும். எண்பத்தைந்து வயதுக்காரர் இருப்பார் என்று சொல்ல முடியாது. கேட்கும்போது வருஷம் கேட்காதீர்கள், குழம்பிப் போவார்கள். "உங்க கல்யாணத்துக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, சந்தாக் கணக்கு இருக்கிறது. தெருக் கணக்கு இல்லை. ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் ஒரு பதிவேடு போட வேண்டும் என்பது என் யோசனை. இந்த இடத்தில் இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை இன்ன கடை இருந்தது, நடத்தியவர் யார், வாடகையா சொந்தமா, பிறகு என்ன ஆனது என்று ஒரு கடைக்கு ஒரு பக்கம் போதும். நமக்குப் பிடித்த கடை, பிடிக்காத கடை என்று பார்க்க வேண்டாம். கள்ளுக்கடையும் இருக்கட்டும், அடகுக்கடையும் இருக்கட்டும். உறுப்பினர் அல்லாத நடைபாதைக் கடைக்காரரையும் எழுத வேண்டும். ஆதாரம் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

கம்ப்யூட்டரில் பில் போடும் இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. தாத்தா காலத்துப் பேரேடு பரணில் இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போடாதீர்கள். கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் வருமா? அந்தப் புத்தகத்தில் ஒரு தெருவே இருக்கிறது. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். அலமாரி ஒன்று வாங்கித் தர நான் தயார்.

இது என் தனிப்பட்ட கருத்து. மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் எழுதலாம். தங்கள் தெருவில் மறைந்த கடைகளைப் பற்றித் தகவல் உள்ளவர்கள் கருத்தோடு அதையும் சேர்த்து எழுதினால் பதிவேட்டின் முதல் பக்கம் அதிலிருந்தே தொடங்கும்.